சென்ட்ரல் சட்டம் என்றால் ஊர்க் கோர்ட்டு விசாரிக்காதா?

"இது சென்ட்ரல் கவர்மென்ட் சட்டம். நம்ம கோர்ட்டுக்கு இதில் அதிகாரமே கிடையாது." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வழக்கு என்று பேச்சு வந்தால் இப்படிச் சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். சொல்பவர் படித்தவர் என்றால் இன்னும் ஆபத்து, கேட்பவர் அப்படியே நம்பிவிடுவார்.

மாநிலக் கோர்ட்டு, ஃபெடரல் கோர்ட்டு என்று இரண்டு வரிசை இருப்பது அமெரிக்காவில். அங்கேயும்கூட மத்தியச் சட்டம் என்பதற்காக மாநிலக் கோர்ட்டு ஒரு வழக்கைத் தள்ளிவிடக் கூடாது என்று 1947-இல் டெஸ்டா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. நம் அரசமைப்பில் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே வரிசைதான். நாடாளுமன்றம் தன் சட்டங்களுக்கென்று கூடுதல் கோர்ட்டு அமைத்துக்கொள்ள 247-வது பிரிவு இடம் தருகிறது. அப்படி எதுவும் அமைக்காதவரை ஊர்க் கோர்ட்டுதான் விசாரிக்கும்.

கொடுக்கல் வாங்கலில் ஊறிய நம் பக்கத்துக்குச் செக் வழக்கைவிட நல்ல உதாரணம் வேண்டாம். காசோலை மத்தியப் பட்டியலில் உள்ள விஷயம், சட்டமும் 1881-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். விசாரிப்பதோ உள்ளூர் மாஜிஸ்திரேட். சென்னைக்காரர் கொடுத்த செக்கைக் காரைக்குடியில் உள்ள உங்கள் கணக்கில் போட்டுத் திரும்பினால் வழக்கும் காரைக்குடியில்தான், 2015 திருத்தம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எந்தக் கோர்ட்டு என்று விசாரித்துக்கொண்டே நாளைக் கடத்துவதுதான் பெரிய தவறு. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதில்தான் சேதம் அதிகம். பங்காளிகள் பலருக்குப் பாத்தியமான பங்கு வீட்டில் ஒருவர் வங்கியில் கடன் வாங்கி, வங்கிக்காரர்கள் வந்து கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டினால், எல்லோரும் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்க ஓடுவார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழி தருகிற 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் 34-வது பிரிவு அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது. வங்கியின் நடவடிக்கையை எதிர்க்க 45 நாளுக்குள் டி.ஆர்.டி. என்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நமக்கு அது மதுரையில் இருக்கிறது. கடன் வாங்காத பங்காளியும் அங்கே மனுப் போடலாம். யாருக்கு எத்தனை பங்கு என்ற பாகப்பிரிவினை மட்டும் சிவில் கோர்ட்டு வேலை. இரண்டையும் ஒரே பிராதில் குழப்பினால் வங்கி வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆகவே சட்டம் டெல்லியில் போட்டதா சென்னையில் போட்டதா என்று பார்த்துப் பயனில்லை. அந்தச் சட்டமே தனி மன்றம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். காரைக்குடி செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வக ஊழியரின் பணி வழக்கு முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போவது அதனால்தான். அந்தத் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 1997-இல் சந்திரகுமார் வழக்கில் முடிவாகிவிட்டது.

சிங்கப்பூர் கிளம்புகிறவருக்குப் பாஸ்போர்ட்டை நிறுத்தி வைத்தால் டெல்லிக்கு டிக்கெட் போட வேண்டாம். மத்திய அரசு மீதான ரிட் மனுவை, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்து உயர் நீதிமன்றத்திலேயே போட அரசமைப்பின் 226-வது பிரிவு 1963 முதல் வழி தருகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் 2004 முதல் அது மதுரைக் கிளைதான். இன்னமும் சிலர் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

சிவில் வழக்கில் மத்திய அரசைப் பிரதிவாதியாக்கும்போது அலுவலகத்தின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ மட்டும் எழுதிவிடாதீர்கள். 'இந்திய ஒன்றியம்' என்ற பெயரில்தான் வழக்கு நிற்கும். இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸும் அவசியம். அவசரம் என்றால் கோர்ட்டின் அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலே தாக்கல் செய்யலாம்.

கோர்ட்டு மாறிப் போட்டுவிட்டால் வழக்கே போய்விட்டது என்று கையை விரிக்கவும் வேண்டாம். அதிகாரம் இல்லாத சிவில் கோர்ட்டு பிராதைத் தள்ளுபடி செய்யாமல், சரியான கோர்ட்டில் போடச் சொல்லித் திருப்பித் தரும். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் அங்கே நடத்திய காலத்தைக் காலக்கெடுவில் கழித்துக்கொள்ளலாம். வக்கீல் சொல்லியும் கேட்காமல் போட்டிருந்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.