லாயத்தில் கழிந்த வாழ்க்கையைக் கதையாக்குவது எப்படி?

குதிரையோடு இருபது, முப்பது வருஷம் இருந்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "என் வாழ்க்கையை எழுதினால் பெரிய நாவலே வரும்." வரும். எங்கே தொடங்குவது என்றுதான் தெரிவதில்லை. குதிரையைப் பராமரிக்கும் சைஸாகவோ, பந்தயத்தில் ஓட்டும் ஜாக்கியாகவோ, பயிற்சி தரும் டிரெயினரிடம் கையாளாகவோ இருந்து, இதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு முன்னோடி. இங்கிலாந்தின் டிக் பிரான்சிஸ் 1953-54 பருவத்தின் சாம்பியன் ஜாக்கி. 1956-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், ராணியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் குதிரையில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்கெதிரே இருக்கும்போது குதிரை திடீரென்று வயிறு தரையில் படச் சரிந்தது. ஏன் என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவே இல்லை. மறு வருஷம் சவாரியை விட்டார். ஆனால் உடனே நாவலில் இறங்கவில்லை. 1957-இல் தன் வரலாற்றை எழுதினார். செய்தித்தாள் ஒன்றில் பந்தயக் கட்டுரைகள் எழுதத் தொடங்கி, நாவல்கள் வந்த பிறகும் விடாமல் மொத்தம் 16 வருஷம் எழுதினார். முதல் நாவல் 1962-இல்தான் வந்தது, அவருடைய 41-வது வயதில். பிறகு நாற்பதுக்கும் மேல். நடந்ததை முதலில் எழுதிப் பழகிவிட்டுக் கற்பனைக்குப் போகிற இந்த வரிசையை நான் முழுசாக நம்புகிறேன்.

படி 1: கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் அரைப் பக்கம் போதும். கதை வேண்டாம், கையும் மூக்கும் அறிந்தது மட்டும். குளம்பு அழுகினால் வரும் நாற்றம். வயிற்றுவலி கண்ட குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அந்த ராத்திரி லாயத்தில் யாரும் தூங்காமல் இருப்பது.

படி 2: ஒரு ரகசியத்தைப் பிடியுங்கள்

காலையில் கேலப் என்கிற வேக ஓட்டப் பயிற்சி முடிந்து வந்த குதிரையின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கமாக விரலை ஓட்டுகிறீர்கள். நேற்றுவரை குளிர்ந்திருந்த தசைநாண் இன்று ஓரிடத்தில் கதகதவென்று இருக்கிறது. குதிரை நொண்டவில்லை. சனிக்கிழமை ரேஸ். முதலாளி வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அந்தச் சூடு உள்ளே காயம் இருக்கலாம் என்பதற்கு அடையாளம். அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கதை இங்கே பிறந்துவிட்டது. சொல்வதா, மறைப்பதா? சொன்னால் யாருக்கு நஷ்டம்? "எனக்குப் பயமாக இருந்தது" என்று எழுதிவிடாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"என்னப்பா, கால் எப்படி இருக்கு?"

காலைத் தொட்ட கையை லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கு சார்."

பயம் என்ற சொல்லே வரவில்லை. படிக்கிறவருக்கு வயிறு கலங்கும்.

படி 3: ரேஸைச் சுருக்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் ரேஸை மட்டும் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். 1200 மீட்டர் ஓட்டம் ஒன்றேகால் நிமிஷத்தில் முடிந்துவிடும். கேலரியிலிருந்து தெரிவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சேணத்தின் மேலிருந்து கேட்பதை நீங்கள் எழுதுங்கள். முழுவேகத்தில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு விடும். அந்தத் தாளத்திலேயே வாக்கியங்கள் போகட்டும்.

தொழில் சொற்களுக்கு அகராதி போட வேண்டாம். கதாபாத்திரம் லகானை இழுக்கும்போது அது என்ன என்று தானாகப் புரியும்.

படி 4: பெயரை மாற்றுங்கள்

ஆள், குதிரை, ஊர், வருஷம் எல்லாவற்றையும். யாராவது தன்னை அடையாளம் கண்டு மனம் நொந்துபோக நம் கதை காரணமாகக் கூடாது. இரண்டு டிரெயினர்களை ஒரே ஆளாக்கினால் பாத்திரமும் கெட்டிப்படும்.

படி 5: இரண்டு பேரிடம் கொடுங்கள்

முதலில் சிறுகதை, அதை இதழ்களுக்கு அனுப்புங்கள். நாவல் பிறகு. எழுத்திலிருந்து பணம் வரத் தாமதமாகும், அதனால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

அனுப்புமுன், லாயத்தில் வளர்ந்த ஒருவரும் குதிரையைத் தொட்டே பார்க்காத ஒருவரும் படிக்கட்டும். டிக் பிரான்சிஸுக்கு அவர் மனைவி மேரி தகவல் சேகரித்துக் கொடுத்தார், எழுதியதைத் திருத்தவும் உதவினார். முதலாமவரிடம் எது பொய் என்று கேளுங்கள். இரண்டாமவரிடம் எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார் என்று மட்டும் கேட்டு, அந்தப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்திலிருந்து திரும்ப எழுதுங்கள்.