வேலூர்க் குளிருக்குப் பழைய பாணியில் உடுத்த

வேலூரில் அடிப்பதைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர் விடியலில் கோட்டை அகழியோரம் நடப்பவருக்குக் காது விறைக்கும். பத்து மணிக்கு அதே ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே என் தையல் கடைக்கு வரும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கனமான துணி ஒன்றே ஒன்று போதும், அதைக் கழற்றிய பிறகும் உடை லட்சணமாக இருக்க வேண்டும். படத்தில் பார்த்தபடி ட்வீட் கோட்டு, வெயிஸ்ட்கோட், கம்பளி மஃப்ளர் என்று அடுக்கிக்கொண்டு கிளம்பினால் காட்பாடி போய்ச் சேருவதற்குள் வெந்துபோவீர்கள். ட்வீட் ஸ்காட்லாந்து மழைக்கும் காற்றுக்கும் நெய்த கம்பளித் துணி.

அந்த ஒரு கனத்த துணியைக் கடையில் தேடுமுன் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டாளத்துக்கு ஏராளமாக ஆள் அனுப்பிய பகுதி இது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வதுண்டு. தாத்தாவோ பெரியப்பாவோ கொண்டுவந்த பச்சை ஜெர்சி, தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டு வைத்தது, எங்காவது மடித்துக் கிடக்கும். அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. சின்னங்கள் இருந்தால் மட்டும் பிரித்து வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள்; அவை உழைத்தவருக்கு உரியவை.

பழைய கோட்டு கிடைத்தால் முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். உட்காரவில்லையா, விட்டுவிடுங்கள், தோளைப் பிரித்துத் தைப்பதற்குப் புதிதாகவே தைத்துக்கொள்ளலாம். கை நீளம், பக்கவாட்டு, இடுப்பு எல்லாம் சரிசெய்யக்கூடியவை. லைனிங்கைச் சிறிது பிரித்து நடுமுதுகுத் தையலைப் பாருங்கள். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று அந்தக் காலத்துத் தையல்காரர்கள் அங்கே ஓர் அங்குலம் வரை துணி விட்டிருப்பார்கள். ரெடிமேடில் அதைத் தேடாதீர்கள். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள்; பூச்சி அரித்த ஓட்டை ஊசிமுனை அளவே இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஜெர்சி இடுப்போடு நின்றுவிடும். அதன் கீழே இடுப்பு இறக்கமான பேன்ட் போட்டால் நடுவில் சட்டை எட்டிப் பார்க்கும், அது எனக்குப் பொறுக்காது. தொப்புள்வரை ஏறிய இடுப்பு, முன்னால் இரண்டு ப்ளீட் (கொசுவ மடிப்பு), கீழே ஒன்றரை அங்குல மடிப்பு என்று கேட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். துணி காட்டன் ட்ரில் அல்லது மெல்லிய கார்டுராய், அதாவது வரிவரியாக மயிரிழை எழும்பி ஒரு பக்கம் சாய்ந்த துணி. கார்டுராய் என்றால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டச் சொல்லுங்கள். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு துண்டைத் தலைகீழாகப் போட்டு வெட்டினால் ஒரு கால் அடர்த்தியாகவும் மறுகால் வெளுத்தும் தெரியும். எந்தச் சலவையாலும் அது போகாது.

சட்டைக்குக் குடியாத்தம் கைலித் துணியைச் சிபாரிசு செய்வேன், யார் முகம் சுளித்தாலும் சரி. நம் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணியை 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் விரும்பி அணிந்தார்கள். சாயம் போவதையே அழகாக எண்ணி வாங்கினார்கள். சட்டைப்பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

காலுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம், ஆம்பூர் இருக்கிறது. கணுக்கால் வரை வரும், லேஸ் கோக்க இரண்டு மூன்று ஜோடிக் கண்களே உள்ள ஷூவாகக் கேளுங்கள். பச்சை ஜெர்சிக்குப் பழுப்புத் தோல். கறுப்பு போட்டால் அணிவகுப்புக்குப் போவதுபோல் இருக்கும்.

கம்பளியைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால்வரை நீளும். துண்டின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கோட்டுத் திருத்த வேலை இருந்தால் புரட்டாசியிலேயே கொண்டுவாருங்கள். மார்கழியில் வந்தால் பொங்கல் துணிக் குவியலுக்குப் பின்னால்தான் உங்களுக்கு இடம்.