கடும் மசக்கையில் தைராய்டு ரிப்போர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாவது வாரம். குடித்த தண்ணீர்கூட ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இந்த நிலையில் வரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.05 என்று, அதாவது மிகக் குறைவாக, தடித்த எழுத்தில் இருக்கும். “தைராய்டு வந்துடுச்சு!” என்று வீடே கலங்கிப்போகும்.

அந்தக் கலக்கத்தில் மாத்திரைக்கு அவசரப்படுவதுதான் பெரிய தவறு. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன், டி.எஸ்.எச்.சுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி; அமைப்பில் பாதி ஒன்றேதான். 8 முதல் 11 வாரத்தில் அது உச்சத்துக்குப் போகும்போது தைராய்டையும் உசுப்பிவிடும். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் ஏறும், அதனால் டி.எஸ்.எச். இறங்கும். பெரும்பாலும் 14 முதல் 18 வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதுவரை வேண்டியது டிரிப்ஸும் வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்தும்தான். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தேவையில்லாமல் போட்டால் பிறவிக் குறைபாடு வரும் அபாயம் உண்டு.

ஆனால் கழுத்து வீக்கம், கண் பிதுங்கல், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே படபடப்பு இருந்தால் கதை வேறு. அது தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். ஆன்டிபாடி பரிசோதனை தேவை.

ஏற்கெனவே தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் எடுப்பவர்கள், வாந்தியைக் காரணம் காட்டி அதை நிறுத்தக்கூடாது. கர்ப்பத்தில் அதன் தேவை கூடத்தான் செய்யும். காலையில் குமட்டினால், வயிறு அமைதியாக இருக்கும் இரவு நேரத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சரி, மனசு? நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் தைராய்டாலும் வரும், பதற்றத்தாலும் வரும். அதனால் ‘டி.எஸ்.எச். சரியானால் அழுகை நின்றுவிடும்’ என்று காத்திருப்பார்கள். வாரக்கணக்கில் சாப்பிடாமல், தாளிக்கும் வாசனைக்குக்கூட ஓடி ஒளியும் பெண்ணுக்கு மனம் சோர்ந்துபோக தைராய்டு எதற்கு? இதைவிட மோசமானது “நாங்கல்லாம் பெத்துக்கலையா?” என்ற பேச்சு. குழந்தை பிடிக்காதவளுக்குத்தான் இப்படி வாந்தி வரும் என்று டாக்டர்களே நம்பிய காலம் இருந்தது. கரு பக்கமிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதை 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, கர்ப்பத்திலும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவள் சொன்னால் தனியாக விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் பேசலாம்.

அப்புறம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை தெரிந்தால் அதை ‘மூட்’ என்று ஒதுக்காதீர்கள். பட்டினியில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து மூளை பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். பல நாள் வாந்தி எடுத்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போட்டாயிற்றா என்று கூட இருப்பவர் தயங்காமல் கேட்கலாம்.