ஐஸ்லாந்தின் ஒரு சின்ன ஊர்க் கழகத்தைப் புரிந்துகொள்வது எப்படி

ஐஸ்லாந்தின் ஒரு சின்ன ஊர் விளையாட்டுக் கழகத்தைப் பற்றித் தேட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது கோப்பைப் பட்டியலைத்தான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். நாலாயிரம், ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் பிள்ளைகள் மாலையில் ஓடுவது கழகத்துக்குத்தான், சில ஊர்களில் திருவிழாவை நடத்துவதும் கழகம்தான், ஊர் சிதறிப்போனால் மறுபடி ஒன்றுகூட ஒரு காரணம் கொடுப்பதும் அதுதான். அதனால் ஊர் வழியாகக் கழகத்துக்குள் போக வேண்டும். நான் வெஸ்த்மன்னேயார் தீவுகளின் ஐ.பி.வி. கழகத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் ஓர் ஊரின் கதை முழுசாக ஒரு கழகத்துக்குள் அடங்கியிருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில், இப்போதைய கழகத்துக்கு முன்னால் அங்கே என்னென்ன கழகங்கள் இருந்தன என்று பாருங்கள். அந்தத் தீவுக்கூட்டத்தில் மக்கள் குடியிருக்கும் ஒரே தீவு ஹெய்மேய். அங்கே 1913இல் தோர், 1921இல் டீர் என்று இரண்டு கழகங்கள் தோன்றின. உள்ளூரில் இரண்டும் பரம போட்டியாளர்கள், கடல் தாண்டி ஆடப் போனால் மட்டும் ஐ.பி.வி. என்ற ஒரே பெயர். 1996இல்தான் இரண்டும் ஒன்றாக இணைந்தன, அடுத்த இரண்டு வருடமும் நாட்டின் கால்பந்து லீக் பட்டம் தீவுக்கு வந்தது. அக்ரானெஸ் ஊரின் ஐ.ஏ.வும் இப்படி 1946இல் உள்ளூர்க் கழகங்கள் கூடி அமைத்ததுதான். 1951இல் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வெளியே இருந்து கால்பந்தில் தேசிய சாம்பியன் ஆன முதல் அணி அது.

அடுத்து, ஊரைப் புரட்டிப்போட்ட வருடம் எது என்று கேளுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. ஹெய்மேய்க்கு அது 1973. ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணி வாக்கில் ஊரின் விளிம்பிலேயே பூமி பிளந்து எரிமலை கக்க ஆரம்பித்தது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன, அதனால்தான் சுமார் 5,300 பேரை அந்த ஒரே இரவில் படகேற்றிக் கரை சேர்க்க முடிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிமலைக் குழம்பிலும் சாம்பலிலும் புதைந்தன. துறைமுகம் மூடிவிடாமல் இருக்கக் கடல்நீரைப் பீய்ச்சிக் குழம்பைக் குளிரவைத்தார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் வெடிப்பு அடங்கியது. ஊர்க்காரர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த அந்தப் பருவத்திலும் ஐ.பி.வி. அணி ஆடியது! முந்தைய வருடம் தேசியக் கோப்பையை வென்றிருந்ததால் ஐரோப்பியப் போட்டிக்கும் போனார்கள். ஜெர்மனியின் போருசியா மன்ஷென்கிளாட்பாக் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 16-1 என்று நொறுக்கியது. கோப்பைப் பட்டியலில் இந்தத் தோல்விக்கு இடமே கிடையாது, எனக்கோ இந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டங்கள் அவைதான்.

அப்புறம் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐ.பி.வி.க்கு அதில் பெரும் பங்கு தியோத்ஹௌதீத் திருவிழா. 1874இல் ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறி ஆயிரம் ஆண்டு நிறைந்ததை நாடே கொண்டாடியபோது, கடல் கொந்தளிப்பால் கரைக்குப் போக முடியாத தீவுக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒன்று நடத்தினார்கள். அதுதான் தொடக்கம். இன்று ஆகஸ்ட் முதல் வார இறுதியில் ஹெர்யோல்ஃப்ஸ்தாலுர் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள், உள்ளூர்க் குடும்பங்கள் வெள்ளைக் கூடாரம் போட்டு, வீட்டு நாற்காலி மேசையைக் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள். முன்பு தோரும் டீரும் முறைவைத்து நடத்திய விழா, இப்போது ஐ.பி.வி. நடத்துகிறது. 1973இல் பள்ளத்தாக்கு சாம்பலில் மூடிக் கிடந்தபோதும் விட்டுவிடாமல் தீவின் இன்னொரு பக்கம் பிரெய்தபக்கியில் நடத்தினார்கள். 2020, 2021இல் கொரோனாவால் விழா நின்றபோது கழகத்துக்கு விழுந்த அடி எப்படிப்பட்டது என்று இப்போது உங்களுக்கே புரியும்.

பிள்ளைகளையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ஜூனிலும் நாடெங்கும் இருந்து சிறுவர், சிறுமியர் அணிகள் கால்பந்துப் போட்டிகளுக்காகத் தீவுக்கு வருகின்றன. வெளியூர் பெரிய வீரர்கள் பலர் இந்தத் தீவை முதலில் பார்த்ததே அப்படித்தான். தீவிலிருந்து வெளியே போனவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்பந்து வீரர் ஆஸ்கெய்ர் சிகுர்வின்சன் அதே 1973இல் பெல்ஜியம் போய், 1984இல் ஸ்டுட்கார்ட் கழகத்துடன் ஜெர்மன் லீக் பட்டம் வென்றார். ஊரில் பல் மருத்துவராக இருந்த ஹெய்மிர் ஹால்கிரிம்சன் ஐ.பி.வி. பெண்கள் அணி, ஆண்கள் அணி இரண்டுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு, 2018 உலகக் கோப்பைக்கு ஐஸ்லாந்தை அழைத்துச் சென்றார்.

சரி, எங்கே தேடுவது? ஐஸ்லாந்து தேசிய நூலகத்தின் 'திமாரித்' தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தமிழில் போலவே அங்கும் ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் வேற்றுமையில் வடிவம் மாறும், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி செய்திகள் சிக்காது. ஆட்களை முதல் பெயரில் தேடுங்கள், இரண்டாவது பெயர் பெரும்பாலும் தந்தையின் பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர் என்று நினைத்து அண்ணன் தம்பி உறவு கட்டிவிட வேண்டாம். ஆட்ட விவரங்களுக்கு ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கத்தின் தளம் போதும்.

இப்போது கோப்பைப் பட்டியலைத் திறக்கலாம். கால்பந்தில் 1979, 1997, 1998 லீக் பட்டங்கள். அதோடு நிறுத்தாமல் ஹேண்ட்பாலையும் பாருங்கள், ஆண்கள் 2014, 2018, 2023இல் நாட்டின் சாம்பியன், பெண்கள் 2000, 2003, 2004, 2006இல். கால்பந்தை மட்டும் எழுதுகிறவர் இந்த ஊரின் பாதியைத்தான் எழுதுகிறார்.

இதே முறையை அடுத்து கிரிந்தவிக் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 2023 நவம்பர் 10 இரவு எரிமலை அச்சத்தால் அந்த ஊரே காலி செய்யப்பட்டது. அதன் கூடைப்பந்து அணி ரெய்க்யவிக்கை ஒட்டிய கோபவோகுரில் ஒரு கூடத்தை வீடாக்கிக்கொண்டு 2024இல் இறுதிச் சுற்றின் ஐந்தாவது, கடைசி ஆட்டம் வரை போனது. 1973இன் செய்தித்தாள்களையும் அந்தப் பருவத்தின் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.