வெளிநாட்டிலிருந்து நகையோடு திரும்புவோர் கவனத்துக்கு: வரியைத் திரும்பப் பெறுதலும் சுங்க விதிகளும்

கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் பகுதிகளில் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ ஒருவராவது வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் ஓரிரு மாதம் தங்கியிருந்து, திரும்பும்போது நகையும் செல்போனும் வாங்கி வருவது வழக்கம். அங்கே திரும்பக் கிடைக்கும் வரியை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, இங்கே வந்து இறங்கும்போது கட்ட நேரிடும் சுங்க வரியை மறந்துவிடுவதால்தான் பலருக்கு இந்தப் பயணத்தில் கை கடிக்கிறது. ஆகவே கடைக்குள் நுழையும் முன்பே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஊரிலிருந்து கட்டும் பெட்டியைப் பார்ப்போம். மகனுக்கென்று வீட்டில் அரைத்துக் கொடுத்தனுப்பும் குருமா மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் அடுக்களையில் சாதாரணப் பொருளாகிய கசகசா, அபின் செடியின் விதை என்பதால், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது. அளவு சிறிதென்றோ சமையலுக்கென்றோ சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூருக்குள் மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றுக்கு அனுமதியே இல்லை. சிகரெட்டும் பீடியும் ஒன்றே ஒன்றானாலும் வரி விலக்குப் பெறாது. பீடி சுற்றும் ஊர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. அமீரகத்துக்குச் செல்பவர்கள் கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலிநிவாரணிகளை முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணிந்து செல்லும் நகையைப் பற்றி இங்கே பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பத்துப் பவுன் சங்கிலியோடு போய் அதே சங்கிலியோடு திரும்பி வரும்போது, அது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு பயணியைச் சேர்ந்தது. அதற்காகவே, புறப்படும் நாளில் மதுரை, திருவனந்தபுரம் அல்லது சென்னை விமான நிலையத்தின் சுங்க அலுவலரிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெறும் வழி உள்ளது. வாங்கிய பில், எடை விவரம், நகையின் படம் ஆகியவை கையில் இருந்தால் வேலை எளிதில் முடியும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றால் பதற்றமும் இராது. விலையுயர்ந்த கேமராவுக்கும் இது பொருந்தும்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. சுற்றுப்பயணி ஒருவர், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் வரி உட்பட 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) குறையாமல் வாங்கினால், அந்த வரியைத் திரும்பக் கோரலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்து இந்தத் தொகையை எட்டலாம். வாங்கும்போது பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும். அதன் நகலோ செல்போனில் எடுத்த படமோ செல்லாது. லிட்டில் இந்தியாவில் எல்லாக் கடைகளும் இத்திட்டத்தில் இல்லை என்பதால், பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவதுதான் முறை. ஒரு கணக்கு: 545 வெள்ளிக்கு ஒரு மோதிரம் வாங்கினால், அதில் பொருளின் விலை 500, வரி 45. இந்த 45 வெள்ளியிலிருந்து சேவைக் கட்டணம் கழிந்து மீதிதான் கைக்கு வரும்.

யாருக்கு இது பொருந்தாது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வொர்க் பெர்மிட் உள்ளிட்ட வேலை அனுமதி பெற்றவர்கள், 16 வயது நிரம்பாதவர்கள் ஆகியோர் கோர முடியாது. எனவே அங்கே வேலை பார்க்கும் மகன் தன் பணத்தில் தனக்காக வாங்கிய பொருளைத் தாயின் பாஸ்போர்ட்டில் பதிந்து வரியைத் திரும்பப் பெற நினைப்பது சாமர்த்தியம் அன்று, குற்றம். தாய் தன் பணத்தில் தானே வாங்கித் தன்னோடு எடுத்து வருவதற்குத்தான் இந்தச் சலுகை. கூரியரில் அனுப்பும் பொருளுக்கும், ஓட்டல் அறைக்கும், அங்கேயே தின்று தீர்த்த பலகாரத்துக்கும் திரும்பக் கிடைக்காது.

வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் விமானம் ஏறிவிட வேண்டும். பேருந்தில் மலேசியாவுக்குப் போய் அங்கிருந்து ஊர் திரும்புபவர்களுக்கு இது கிடையாது. சாங்கி விமான நிலையத்தில் செய்யும் வேலையின் வரிசையை மாற்றிவிடக் கூடாது. பெரிய பெட்டியில் போகும் பொருளானால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே, புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள கருவியில் பாஸ்போர்ட்டை வைத்துக் கோரிக்கையைப் பதிய வேண்டும். நகை, கைக்கடிகாரம் போன்று கையில் வைத்திருக்கும் பொருளானால், குடிநுழைவு (இமிக்ரேஷன்) சோதனை முடிந்து உள்ளே சென்ற பிறகு அங்குள்ள கருவியில் பதியலாம். சுங்க அலுவலரிடம் பொருளைக் காட்டும்படி கருவி சொன்னால், பொருளையும் அசல் பில்லையும் காட்டியே தீர வேண்டும். பெட்டி அதற்குள் பெல்ட்டில் போய்விட்டிருந்தால் கோரிக்கையும் அதோடு போய்விட்டதென்று கொள்ளலாம். பணத்தைக் கடன் அட்டைக் கணக்கிலோ, உள்ளே இருக்கும் கவுண்டரில் ரொக்கமாகவோ பெற்றுக்கொள்ளலாம்.

துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு. 2018 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பில் 250 திர்ஹாமுக்குக் குறையக் கூடாது. 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும். அங்கே வசிக்கும் அனுமதி பெற்றவர்களுக்குப் பொருந்தாது. முழு வரியும் திரும்பாது என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். 1,050 திர்ஹாம் பில்லில் வரி 50. அதில் 85 விழுக்காடாகிய 42.50 திர்ஹாமிலிருந்து 4.80 திர்ஹாம் கட்டணம் கழிந்து, 37.70 கிடைக்கும். இங்கும் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சரிபார்ப்பு முடிய வேண்டும். மலேசியாவில் 2018-இல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டபோதே இத்தகைய சலுகையும் முடிந்துவிட்டது. லண்டன் கடைகளில் வாங்கிக் கையோடு எடுத்துவரும் பொருள்களுக்கும் 2021 முதல் கிடையாது.

இனி ஊர் திரும்பும் பகுதி. அங்கே வரியைத் திரும்பப் பெற்றிருப்பதால் இந்தியச் சுங்கத்துறை எந்தச் சலுகையும் தராது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதற்கும் அதே நிலைதான். இந்தியாவில் வசிப்பவர் வரியின்றிக் கொண்டுவரும் பொருள்களின் மதிப்பை 2016-ஆம் ஆண்டின் பயணச் சுமை விதிகள் 50,000 ரூபாய் என்று வகுத்திருந்தன. இத்தகைய வரம்புகளை அரசு அவ்வப்போது, பெரும்பாலும் பட்ஜெட் சமயத்தில், திருத்துகிறது. ஆகையால் பயண வாரத்தில் நடப்பிலுள்ள தொகையைச் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி இருவரின் வரம்பையும் கூட்டி ஒரே பொருளுக்குப் பயன்படுத்த இயலாது. பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு மடிக்கணினியை இந்த வரம்புக்கு வெளியே கொண்டுவரலாம். மது 2 லிட்டர், சிகரெட் 100 என்பது எல்லை.

தங்க நகைக்கு ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம், அதாவது இரண்டரைப் பவுனும் ஐந்து பவுனும், என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புபவர்களுக்கே உரியது. இரண்டு மாதம் மகன் வீட்டில் தங்கிவிட்டு வரும் தாய்க்கு அது இல்லை. அவர் துபாயில் வாங்கிய வளையலுக்கு வரி கட்ட நேரிடலாம். காசாகவோ கட்டியாகவோ கொண்டுவரும் தங்கம் யாருக்குமே இந்த நகைச் சலுகைக்குள் வராது.

வரம்பைத் தாண்டியிருந்தால், சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று, பில்லைக் காட்டி, வரி கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிக்க ஏதும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து சென்று பிடிபட்டால் அபராதமும் பறிமுதலும் சேரும். 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளிநாட்டு நோட்டுகள் இருந்தாலும் அறிவித்தாக வேண்டும். சென்னையில் இறங்கி வாகைக்குளத்துக்கு (தூத்துக்குடி விமான நிலையத்துக்கு) உள்நாட்டு விமானம் மாறுபவர்கள், சுங்கச் சோதனை சென்னையிலேயே நடக்கும் என்பதை நினைவில் வைத்து, இரு விமானங்களுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.