இசைப் பிரியர்களுக்கான போன் என்று விற்கிறார்கள். எப்படிச் சோதித்து வாங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். தோட்டக் கோயில் திருவிழா, டவுனில் கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வருடம் முழுக்க ஸ்பீக்கரும் வயரும்தான். அதனால் பாட்டுக் கேட்க எந்த போன் நல்லது என்று தம்பிமார் என்னிடம் வந்து கேட்பார்கள். வரும்போதே பெட்டியில் எழுதியிருப்பதை ஒப்பிப்பார்கள்: “அண்ணே, இதுல 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ், ஹை-ரெஸ் முத்திரைகூட இருக்கு.” நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “வயர்ல கேப்பியா, புளூடூத்லயா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. எண்களாகப் பதிந்திருக்கும் பாட்டை மின்சார அலையாக மாற்றும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். இசைப் பிரியர் போன் என்று விலை ஏற்றி விற்பது பெரும்பாலும் அந்தச் சில்லை வைத்துத்தான். ஆனால் புளூடூத்தில் கேட்டால் அதற்கு வேலையே இல்லை. போன் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது. மாற்றும் வேலை முழுக்க உங்கள் காதில் இருக்கும் இயர்போனுக்குள் நடக்கிறது. சோனியின் எல்டாக் என்ற சுருக்கும் முறை அதிகபட்சம் விநாடிக்கு 990 கிலோபிட் அனுப்பும். சிடியில் இருப்பதோ 1411. அந்த 990-உம் எப்போதும் வராது, புளூடூத் லைன் தடுமாறினால் 660, 330 என்று இறங்கிவிடும். ஆகவே புளூடூத்காரர்கள் போனுக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள்.

வயர் என்றாலும் இன்னொரு கேள்வி உண்டு. போனில் 3.5 மில்லிமீட்டர் இயர்போன் ஓட்டை இருக்கிறதா? 2016-இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்டது, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஓட்டை இல்லாத போனில் யுஎஸ்பி-சி வழியாக டாங்கிள் என்ற ஒரு சின்ன இணைப்பானைச் செருகிக் கேட்கிறீர்கள். பெரும்பாலான டாங்கிள்களில் டிஏசி அதற்குள்ளேயே இருக்கிறது. அப்போது நீங்கள் கேட்பது டாங்கிளின் தரம், போனின் தரம் இல்லை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயதானால் அதுவும் குறையும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே அதில் பாதி, 22.05 வரை கொண்டுவந்துவிடும். அதன் 16 பிட் தரும் மெலிவுக்கும் உரப்புக்கும் உள்ள இடைவெளி சுமார் 96 டெசிபெல். நம் வீட்டுக் காற்றாடிச் சத்தத்துக்கு மேல் அவ்வளவு இடைவெளியை யாரும் வைத்துக் கேட்பதில்லை. 384 என்ற எண்ணுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். தங்க நிற ஹை-ரெஸ், அதாவது ‘உயர் நுணுக்க ஒலி’ முத்திரையும் கருவியின் கொள்ளளவைச் சொல்வதுதான். 40 கிலோஹெர்ட்ஸ் வரை கையாள வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இரைச்சல் இருக்கிறதா, உங்கள் இயர்போனோடு ஒத்துப்போகுமா என்பதை அது சொல்லாது. இரைச்சலுக்கும் உரப்புக்கும் இடைவெளி 130 டெசிபெல் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சில்லு மட்டும் தனியாக நிற்கும்போது எடுத்த அளவு. போனின் ஓட்டையில் வருவதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த வயர் இயர்போனைக் கொண்டுபோங்கள். மெல்லிய சத்தத்தையும் காட்டும் உள்காது வகையாக இருந்தால் நல்லது. போனைக் கையில் வாங்கியதும் டால்பி அட்மோஸ், ஈக்வலைசர், ‘ஒலி மேம்பாடு’ என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். காட்சிக்கு வைத்த போன்களில் இவை போட்டே இருக்கும். அது சத்தத்தை உப்ப வைத்து நல்ல போன் என்று நினைக்க வைக்கும்.

முதல் சோதனை இரைச்சல். சத்தமே இல்லாத ஒரு கோப்பை ஓட விடுங்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பது பயன்படாது, ஏனென்றால் சில விநாடியில் போன் தன் ஆம்பிளிஃபயரையே அணைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் அது பிடிவாதமாக எப்போதும் இருக்கும். அடுத்து சார்ஜரைச் செருகிக் கேளுங்கள், பிறகு டேட்டாவைப் போட்டு ஒரு வீடியோவை அனுப்பிக்கொண்டே கேளுங்கள். தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் லைன் மெலிந்தால் போன் தன் அலை வலிமையைக் கூட்டி அனுப்பும். டவுன் கடையில் அமைதியாக இருந்த போன் உள்ளே போனதும் விர்ரென்று முனகக்கூடும். பழைய 2ஜி அழைப்பில் கேட்கும் அந்த டக்-டக் இரைச்சலின் அடிப்படை 217 ஹெர்ட்ஸ். ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

இரண்டாவது, எதை ஓட்டிக் கேட்பது என்பது. எனக்கு இது மிக முக்கியம். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை விடுங்கள், அது நன்றாகக் கேட்கவே தேர்ந்தெடுத்தது. நேரில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டுபோங்கள். நான் வைத்திருப்பது கோயிலில் நானே சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்த உருமி மேளம், நாதஸ்வரம், தவில், அப்புறம் தனியாக ஒரு தம்புரா. உருமியில் வளைந்த குச்சியை உரசும்போது எழும் அந்த ஆழமான ஊளை, போனின் கீழ்ச்சுருதிக்குச் சோதனை. மெலிந்து போனால் ஆம்பிளிஃபயர் தாங்கவில்லை என்று பொருள். தவிலில் வலந்தலையில் விரல்கூடு விழும் அடி வறண்டு, தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாதஸ்வரம் நெடுநேரம் உரக்க நிற்கும் வாத்தியம். சத்தத்தைக் கூட்டிப்போட்டால் போதாத ஆம்பிளிஃபயர் அங்கேதான் கிழிந்து கரகரக்கும். தம்புரா, ஒலி தேய்ந்து அடங்கும் கடைசித் துளிக்கு. இரைச்சல் இருந்தால் அந்தத் துளியை மூடிவிடும்.

மூன்றாவது சோதனை போனின் வெளியீட்டுத் தடையை அளப்பது. அதற்கு வோல்ட் அளக்கும் ஒரு மீட்டர் வேண்டும். மலிவு மீட்டர்களில் ஏசி அளவே 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அது உதவாது. 2 வோல்ட் ஏசி அளவு இருப்பதாகப் பாருங்கள். ஒரு பழைய இயர்போன் வயரை வெட்டி, அதில் 32 ஓம் தடையை (ரெசிஸ்டர்) இணைத்துப் போனில் செருகுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டித் தடையின் இரு முனையிலும் வோல்ட்டை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செருகியை எடுக்காமல் தடையை மட்டும் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். தடையோடு 0.48, இல்லாமல் 0.50 என்றால், 0.50-ஐ 0.48-ஆல் வகுத்து, 1 கழித்து, 32-ஆல் பெருக்குங்கள். சுமார் 1.3 ஓம் வரும். அதுதான் போனின் வெளியீட்டுத் தடை. இயர்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 32 ஓம் இயர்போனுக்கு 4 ஓமுக்குக் கீழ், 16-க்கு 2-க்குக் கீழ். அதைத் தாண்டினால், அதிலும் ஒலி எழுப்பும் சின்ன இயக்கிகள் பல உள்ள இயர்போன்களில், ஒலியின் நிறமே மாறிப்போகும்.

செருகியை எடுக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்ஜியின் வி வரிசைப் போன்கள், வி20 முதல், செருகியதும் இயர்போனின் தடையை அளந்து பார்க்கும். 50 ஓமுக்கு மேல் என்றால் வெளியீட்டைத் தானாகக் கூட்டிவிடும். ஒரே போன், ஒரே சத்த எண், ஆனால் வேறு இயர்போனில் உரப்பு வேறு. இது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால் தீர்ப்பு தவறிப்போகும்.

இரண்டு போன்களில் எது நல்லது என்று பார்க்க, சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடவே கூடாது. கொஞ்சம் உரக்க இருப்பதுதான் எல்லார் காதுக்கும் நன்றாக இருக்கும். இரண்டிலும் அதே 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, வோல்ட் 1 விழுக்காட்டுக்குள் ஒத்துவரும்படி வையுங்கள். அது ஏறக்குறைய 0.1 டெசிபெல். போனின் சத்தப் படி பெரிதாகத் தாவும், அதனால் பிளேயர் செயலியில் இருக்கும் முன்பெருக்க (ப்ரீஆம்ப்) அளவை வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என் வீட்டில் மூன்றாம் படிவம் படிக்கும் மகள் நாணயம் சுண்டிப் போன்களை மாற்றிச் செருகுவாள், நான் எது என்று சொல்வேன். 10 முறையில் 9 சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மையாகவே கேட்கிறது. வெறும் ஊகத்தால் 9 அல்லது அதற்கு மேல் வர 100-க்கு 1 தான் வாய்ப்பு. 6, 7 சரி என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள். நல்ல வெளியீடு உள்ள இரண்டு போன்கள் இந்தச் சோதனையில் பிரிவது அபூர்வம்.

வெளி ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, கீழே ஒன்றும் காதருகே ஒன்றுமாக இருக்கும் போன்களில் மேல் ஸ்பீக்கர் பெரும்பாலும் மெலிந்தது. போனைப் படுக்கையாகப் பிடித்து, பாட்டு ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள், போதும்.

எல்ஜி 2021-இல் போன் தொழிலை விட்டுவிட்டது. சோனி, எக்ஸ்பீரியா 1-இன் 2020 மாடலில் ஓட்டையைத் திரும்பக் கொண்டுவந்தது. எல்ஜி வி வரிசையை மட்டும் இனி ஈப்போவிலோ இங்கேயோ பழைய போனாகவே பார்ப்பீர்கள். வயர் இயர்போனுக்காக எல்ஜி வி வரிசையை நான் இன்னும் மனமார விரும்புகிறேன். ஆனால் பழையது வாங்குமுன் செருகியை ஓட்டைக்குள் மெதுவாகச் சுழற்றி, ஒரு பக்கம் சத்தம் அறுந்துபோகிறதா என்று கேளுங்கள். வெள்ளைத் திரையைப் போட்டுப் பழைய எழுத்துகள் நிழலாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றக் கிடைக்குமா, எவ்வளவு என்று போன் பழுது பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு, அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.