மார்கழியில் ஹீட் பம்ப் மக்கர் செய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வெந்நீருக்கு ஹீட் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில் மார்கழி பிறந்ததும் கேட்கும் புகார் ஒன்றுதான்: "தண்ணி சுடவே மாட்டேங்குதுங்க." பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது. அதைக் கீசர் மாதிரி நடத்துவதுதான் பிரச்சினை.

கீசர் கரண்டையே வெப்பமாக மாற்றுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தொட்டிக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைப்பது அதனால்தான். காற்று குளிர்ந்தால் அந்த லாபம் குறையும். போதாததற்கு, மேல்தொட்டித் தண்ணீரும் சில்லென்று வரும். 200 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7.7 யூனிட் வெப்பம் வேண்டும். 2 கிலோவாட் வெப்பம் தரும் மெஷினுக்கு அது நான்கு மணி நேர வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு ஆறு மணிக்குக் குளிக்கப் போனால் எப்படிச் சுடும்?

அதுவும் விடியற்காலைதான் இருப்பதிலேயே மோசமான நேரம். டிசம்பரில் கோவையில் விடியும்போது 18, 19 டிகிரி என்றால் பிற்பகலில் 29, 30 வரை ஏறிவிடும். டைமரைப் பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை வையுங்கள். தொட்டி நல்ல இன்சுலேஷனோடு இருந்தால் மறுநாள் காலைக்குள் சில டிகிரிதான் இறங்கும். மொட்டை மாடியில் சோலார் பேனல் இருக்கிற வீட்டுக்கு இது இரட்டை லாபம்.

சூடு போதவில்லை என்று செட்டிங்கை 65க்கு ஏற்றுவது அடுத்த தவறு. கம்ப்ரஸர்தான் திணறும். தினசரிக்கு 50 முதல் 55 போதும். கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை 60க்குக் கொண்டுபோனால் சரி. உள்ளே இருக்கும் ஹீட்டர் காயிலை எப்போதும் ஆனில் வைத்திருந்தால், ஹீட் பம்ப் விலை கொடுத்துக் கீசர் வாங்கிய கதைதான். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐஸ் விஷயத்தில் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வால்பாறையில் தை மாத விடியலில் பின்பக்கத் தகடுகளில் வெள்ளையாகப் படிந்தால் பதற வேண்டாம். மெஷின் தானே சற்று நேரம் திசை மாற்றி ஓடி அதைக் கரைத்துக்கொள்ளும். அப்போது எழுவது புகை இல்லை, ஆவி. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும். ஆனால் கோவையிலோ பல்லடத்திலோ 18 டிகிரியில் ஐஸ் பிடிக்கிறதென்றால் அது குளிரால் இல்லை. காற்றோட்டம் அடைபட்டிருக்கும், அல்லது ஃபேன் சுற்றவில்லை, அல்லது குழாய்க்குள் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் கேஸ் குறைந்திருக்கிறது.

அந்த மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது காற்றோட்டத்தை அடைக்கும் தூசி. பனியன் கம்பெனியும் தறியும் இருக்கிற தெருவில் பஞ்சு பறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூசி. இரண்டும் தகடுகளுக்குள் போர்வை மாதிரி அப்பிக்கொள்ளும். மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு மென்மையான பிரஷ், மெதுவான தண்ணீர் போதும். பைக் கழுவும் பிரஷர் பம்பை நீட்டினால் தகடுகள் மடங்கிவிடும். மழை படக்கூடாதென்று யூனிட்டைச் சுற்றித் தகரம் அடித்து மூடுவதும் கூடாது. தான் விட்ட குளிர்காற்றையே அது திரும்ப இழுக்கும்.

"கேஸ் போடணுங்க" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டாதீர்கள். அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது, ஓடி ஓடித் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த மார்கழிக்கும் அதே செலவு.

அடியில் சொட்டுவது பெரும்பாலும் காற்றின் ஈரம்தான். தொட்டியின் சேஃப்டி வால்வு சூடேறும்போது கொஞ்சம் சொட்டுவதும் இயல்பே. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைத்துவிடக் கூடாது, தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கவலை குறைவு. உப்புத் தண்ணீர் ஏற்றும் போர்வெல் வீடாக இருந்தால் தொட்டி அரிக்காமலிருக்கத் தான் அரிந்து காக்கும் ஆனோடு கம்பியை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டி சுடுகிறது, பாத்ரூமில் மட்டும் வெதுவெதுப்பு என்றால் மிக்ஸர் குழாயைச் சந்தேகப்படுங்கள். தொட்டிக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் நிற்காமல் வந்தால், ஏதோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கலக்கிறது. இதற்கு ஹீட் பம்ப் மெக்கானிக் வேண்டாம், பிளம்பர் போதும்.

அப்புறம், திரையில் எரர் கோட் வந்தால் பிரேக்கரை அணைத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அணைத்தால் பல மெஷின்களில் கோட் அழிந்துவிடும். வருகிற ஆளும் ஒன்றும் தெரியாமல் "கேஸ்தாங்க" என்று ஆரம்பிப்பார்.